முட்டி மடக்கிய துரியோதனன்

அத்தை தரையில் போட்டது பழைய கயிறு. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இருபது முடிச்சுகள் போட்ட கயிறு அது. ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவில் என் மாமனார் துளசிங்கத்தின் ஒரு எட்டு. ஆட்டத்தில் அவர் வைக்கும் எட்டு மூன்றடி. கயிறு அறுபதடி. ஒவ்வொரு வருஷமும் புங்கமேட்டுத் திடலில் அந்தக் கயிற்றை நீட்டி, சுண்ணாம்புத் தூள் தூவி, அதன்மேல்தான் என் மாமியார் ரஞ்சிதம் அத்தை மண் துரியோதனனைப் போடுவார்.

புங்கமேடு திருத்தணியிலிருந்து ஏழு கிலோமீட்டர். திடலில் நின்றால் மலைக்கோயில் கோபுரம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். வைகாசியில் அங்கே பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். கடைசி நாள் காலை படுகளம். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே மண் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். அவனைச் சுற்றி, வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் ஆடி வருவார்கள். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் மத்தளம் நிற்கிற அதே அடியில் துரியோதனன் மண் உருவத்தின் இடது தொடைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பானை புதைந்திருக்கும். பீமன் கதாயுதத்தால் அடிப்பான். பானை உடைந்து மண் சிவக்கும். அடி தப்பினால் ஊருக்கு ஆகாது என்று சொல்வார்கள்.

முப்பத்தொரு வருஷம் தப்பவில்லை. உடம்பு போடுகிறவர் அத்தை. ஆடுகிறவர் மாமா. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

இந்த வருஷம் மாமா ஆடவில்லை. தை மாதம் அரக்கோணம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தார். இடது முட்டி நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். கால் மடங்குகிறது. நீட்ட வரவில்லை. அவருக்குப் பதிலாக இளைய மகள் புஷ்பலதா ஆடுவதாக ஏற்பாடு. கம்பெனி வேலைக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று ஊர்களில் அபிமன்யு வேஷம் கட்டியவள். ஆட்டம் வரும். கிரீடமும் புஜக்கட்டைகளும் சேர்ந்து பதினைந்து கிலோ, அதைச் சுமப்பாளா, பொம்பளை துரியோதனனை ஊர் ஏற்குமா என்றுதான் நான்கு மாதமாக அந்த வீட்டில் பேச்சு. எட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அவளுடைய எட்டு இரண்டரை அடி.

அத்தைக்குக்கூடத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கயிறு மாமாவின் எட்டு என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். அது துரியோதனனின் அளவு என்றே நினைத்திருந்தார்.

நான் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. தேவயானி என் மனைவி. நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதினொரு மாதம் ஆகிறது. பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அவள் போன பிறகு அந்த வீட்டுக்கு இரண்டு முறைதான் போயிருந்தேன். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை அத்தை போன் செய்தார்.

"மாப்ள, லுங்கில கழிசல் இருக்குதா உங்க சங்கத்துல?"

"இருக்குதுங்க அத்தை."

"நாலு மூட்ட எடுத்துகினு வாங்க. மண்ணு காயாம மேல போத்தணும். வெயிலு கொளுத்துது."

சாயம் ஒழுங்காகப் பிடிக்காத, கரை கோணலான லுங்கிகள். நாலு மூட்டை கட்டி வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்றினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினெட்டு டிராக்டர் மண்ணும் உருவமாகிவிட்டிருந்தது. தலை, கிரீடம், மார்பு, அகட்டி வைத்த கைகள், சேர்த்து நீட்டிய இரண்டு கால்கள். முகத்தில் மீசை மட்டும் இல்லை. மீசை வைப்பது தேவயானியின் வேலை. பத்து வயதிலிருந்து அவள்தான் வைப்பாள்.

ஈரம் பார்த்து நாங்கள் லுங்கிகளை விரித்தோம். பச்சைக் கட்டம், நீலக் கட்டம்.

பீமன் வேஷக்காரர் பூபாலன் பல் குச்சியோடு வந்து நின்றார். "அடடே. அஸ்தினாபுரத்து ராசா லுங்கி போத்திகினு தூங்கறாரு. அப்பால டீ கேப்பாரு, பாரு."

"நீ மொதல்ல வாயக் கழுவிகினு வா," என்றார் அத்தை.

ஒன்பது மணிக்கு ஒத்திகை. வேஷம் இல்லை. சலங்கை மட்டும். புஷ்பலதா சுடிதாருக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமா புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளங்கோவன் மத்தளத்தை மடியில் இழுத்துக்கொண்டார். கோயில் தர்மகர்த்தா குணசேகரன் இரண்டு பேரோடு வந்து ஓரமாக நின்றார்.

ஆட்டம் நன்றாகவே தொடங்கியது. அவள் பாதம் விழுந்த இடத்தில் புழுதி எழுந்து அடங்கியது. திரும்பும்போது தோள் முதலில் திரும்பியது, அப்புறம்தான் தலை. மாமாவின் வழக்கம் அது. முதல் சுற்றிலேயே அவள் பின்தங்கினாள். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் பூபாலன் அவளுக்காக நின்று நின்று ஆடினார். மூன்றாவது சுற்றில் இளங்கோவன் முடிப்பு வாசித்து மத்தளத்தில் கையை வைத்தபோது பூபாலன் தொடையருகே கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு நின்றார். எதிரில் ஆள் இல்லை. புஷ்பலதா இன்னும் தலையைக்கூடச் சுற்றவில்லை. அந்தப் பக்கம், வலது தோளருகே இருந்தாள்.

"இப்ப நானு யார அடிக்கறது?" என்றார் பூபாலன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமா நாற்காலியிலிருந்தே சொன்னார். "எட்டு பத்தல."

அத்தை கையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பார்த்தார். முடிச்சு ஒன்றைக் கட்டைவிரலால் தடவினார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இது உன் காலுய்யா," என்றார் மாமாவிடம். "நானு உன் கால போட்டு வச்சிருக்கறன்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். புஷ்பலதா எட்டை நீட்டி வைத்தாள். கால் நீண்டது, இடுப்பு குலுங்கியது, கம்பீரம் போனது. வேகமாகப் போனாள்.

"ஓடாத," என்றார் மாமா. "துரியோதனன் பஸ்ஸு பிடிக்கவா போறான்? அவன் ராசா. சாவுக்கும் நிதானமா போவான்."

இளங்கோவன் முடிப்புக்கு முன்னால் இரண்டு ஆவர்த்தம் கூட்டி வாசித்தார். பூபாலன் அந்த நேரம் முழுவதும் செய்ய ஒன்றுமில்லாமல் கதாயுதத்தைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார். இளங்கோவனே நிறுத்திவிட்டார். "வாணாங்க. ஆறின டீயாட்டம் இருக்குது."

"உருவத்தக் கொறச்சிட்டா?" என்றாள் புஷ்பலதா. "அம்பதடி. எனக்குச் சரியா இருக்கும். நைட்டுக்குள்ள மண்ண இழுத்துடலாம்."

குணசேகரன் அதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. தேவயானியின் காரியத்துக்கு வந்து கடைசி வரைக்கும் இருந்தவர்.

"அதாம்மா முடியாது. சுத்துவட்டாரத்துல அறுபதடி நம்பளுதுதான். கொறஞ்சா நாளைக்கு ஊருக்குள்ள யாரு பதில் சொல்றது? பொம்பள ஆடறா, அதுக்குத்தான் சாமியக் கொறச்சிட்டாங்கன்னு பேசுவாங்க. பேசறவன் வாய நானு மூட முடியுமா?"

"அவன் சாமியா, எதிரியா? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றாள் புஷ்பலதா.

"படுத்துட்டா சாமிதான்." குணசேகரன் மாமாவின் பக்கம் திரும்பினார். "தொளசிங்கம், நம்ப ரெண்டு பேரும் ஒண்ணா வயசானவங்க. உன் வார்த்தைக்காகத்தான் ஊர்ல ஒத்துக்க வச்சன். நாளைக்கு சாயங்காலம் வந்து டேப்பு புடிச்சிப் பாப்பன். தலையில இருந்து குதிங்காலு வரைக்கும் அறுபது இருக்கணும். ஆட்டமும் சரியா வரணும். இல்லன்னா காஞ்சிபுரம் பக்கத்து ஜமாவுல ஒரு ஆளு கேட்டு வச்சிருக்கறன். உசரமான ஆளு. அவன் ஆடட்டும். அடுத்த வருசத்த அப்பால பேசிக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். படுகளத்தில் ஆடிய கூத்து ஜமாவுக்குத்தான் அடுத்த வருஷ ஆட்டத்துக்கும் தாம்பூலம் வைப்பார்கள். ஒரு தடவை கை மாறினால் திரும்பாது.

மாமா தலையை ஆட்டினார். "ஆங். சரி."

அவர்கள் போன பிறகு புஷ்பலதா டிராக்டர் டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்து சலங்கையைக் கழற்றினாள். காப்புக் கட்டியிருந்ததால் கவிச்சி இல்லை. கேழ்வரகுக் கூழும் மாங்காய்த் துண்டும் வேர்க்கடலைத் துவையலும் வந்தன. நான் அவள் பக்கத்தில் சொம்பை வைத்தேன்.

"பாவா, நீ ஏன் வீட்டுக்கே வரல?" என்றாள். கூழைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"வேலை."

"எல்லாருக்கும் வேலதான்." மாங்காயைக் கடித்தாள். "அக்கா செத்துட்டா நீ எங்க வீட்டு ஆளு இல்லன்னு நாங்க சொன்னமா?"

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் காலு இம்மாந்தான். இதுக்கு இன்னா பண்றது நானு?" என்றாள்.

நடு மத்தியானம். திடலில் அனல். மாமா புங்க மரத்தடியில் பாய் போட்டு மல்லாந்து படுத்திருந்தார். வலது கால் நீட்டியிருந்தது. இடது கால் மடங்கி, முட்டி மேலே பார்த்து நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு அப்படித்தான் படுக்க வரும். அத்தை அவருக்கு மோர் எடுத்துப் போனார். பாதி வழியில் நின்றுவிட்டார். செம்பில் மோர் தளும்பிக் காலில் ஊற்றியது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

"அப்படியே இரு," என்றார்.

மாமா கண்ணைத் திறந்தார். "இன்னாடி?"

"எழுந்துக்காத. கால ஆட்டாத."

செம்பை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். மாமாவின் குதிங்காலிலிருந்து முட்டிக்கு, முட்டியிலிருந்து இடுப்புக்கு, முட்டியிலிருந்து தரைக்கு என்று அளந்தார்.

"இன்னா பண்ற? பாடைக்கு அளவெடுக்கறியா?"

"வாய மூடு. அதுக்கு இம்மாங் கயிறு எதுக்கு?"

மாமா சிரித்தார். ஆனால் காலை ஆட்டவில்லை.

அத்தை எழுந்து எங்களைக் கூப்பிட்டார். திடலுக்கு நடந்துகொண்டே சொன்னார். உருவத்தின் வலது கால் இருக்கிறபடி நீட்டியே இருக்கும். தலையிலிருந்து அந்தக் குதிங்கால் வரைக்கும் அறுபதடி. டேப்பு பிடிக்கிறவர் பிடித்துக்கொள்ளட்டும். இடது காலை மட்டும் மடக்கி முட்டியை நிமிர்த்திவிடுவது. இரண்டு காலும் சேர்ந்து கிடக்கும்போது யாராலும் தாண்ட முடியாது. ஒற்றைக் கால் என்றால் தாண்டலாம். பாதம் வரைக்கும் போய்ச் சுற்ற வேண்டாம். வலது முட்டிக்குக் கீழே தாண்டி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இருபதடி மிச்சம்.

"கடைசி சுத்துல?" என்றாள் புஷ்பலதா.

"தொடைகிட்ட வந்து நிக்காத. ஏறு."

"எங்க?"

"முட்டி மேல. உங்க நைனா முட்டி மேல."

புஷ்பலதா கீழே கிடந்த சலங்கையை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

பூபாலன் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது தாங்குமா? மண்ணுதான. இவளும் வேசமும் சேந்து எழுவது கிலோ. சரிஞ்சா மொகம் பேந்துடும்."

"இருவது வருசம் சூளையில மண்ணு மிரிச்சவ நானு," என்றார் அத்தை. "தாங்கும்."

இடது காலை இடித்து எடுத்தோம். மண்ணைப் பக்கத்தில் குவித்தோம். அத்தை அடியில் சரளைக்கல் மொரம்பு போடச் சொன்னார். அதன்மேல் உமி கலந்த களிமண் ஒரு முழம். தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். அந்த மண்ணை மூடுகிற மாதிரி ஒரு லுங்கி. மறுபடி மண். மறுபடி லுங்கி.

"துணி எதுக்குங்க நடுவுல?" என்றேன்.

"மண்ணு சரியணும்னு பாக்கும். துணி புடிச்சிக்கும்."

இடிக்கிற கட்டையை என்னிடம் கொடுத்தார். மரப் பலகையில் கழி அடித்தது. நான் பேனா பிடிக்கிறவன். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை. பதினொரு மாதத்தில் என் உடம்பு இப்படி ஒரு வேலையைக் கேட்டதில்லை. இடித்தேன். அத்தை விரலால் குத்திப் பார்த்து, "இன்னும்," என்பார். இடித்தேன். "இன்னும்." பொழுது சாய்வதற்குள் முட்டி என் இடுப்புக்கு வந்தது. சனிக்கிழமை காலை என் தலைக்கு மேல் போய்விட்டது. எட்டடி. முன்பக்கம் பாதத்திலிருந்து முட்டி வரைக்கும் ஏறுவதற்கு வாகாகச் சாய்வு. பின்பக்கம் தொடை. அதில்தான் பானை.

புஷ்பலதா ஆட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். தாண்டுகிற இடத்துக்கு மாமாவிடம் அடவு இல்லை. அவர் தாண்டியதே இல்லை. வெறுமனே குதித்தால் வாய்க்கால் தாண்டுகிற மாதிரி இருந்தது. அவளாக ஒன்று கண்டுபிடித்தாள். தாண்டும் முன் உடம்பை ஒரு முறை சுழற்றி, சுழற்சியிலேயே எழும்பி, அந்தப் பக்கம் இறங்கும்போது தோளை முதலில் கொண்டுவந்தாள். இளங்கோவன் இறங்குகிற இடத்தில் ஒரு அடி கூட்டி வைத்தார். இரண்டாவது தடவை செய்தபோது மாமா நாற்காலியின் கைப்பிடியில் விரலால் அதே அடியைத் தட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் குணசேகரன் டேப்போடு வந்தார். தலையில் ஒருவர், குதிங்காலில் ஒருவர். அறுபதடி இரண்டு அங்குலம். குணசேகரன் முட்டியை அண்ணாந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா ரஞ்சிதம், கால மடக்கிட்ட?"

"அறுவதுதான கேட்டீங்க? இருக்குதா?"

"இருக்குது." டேப்பைச் சுருட்டினார். "ஆட்டம்?"

புஷ்பலதா ஆடிக் காட்டினாள். மூன்று சுற்று. முடிப்புக்கு இன்னும் எட்டு தாள அடி இருக்கும்போது மண் பாதத்தின் முன்னால் வந்து நின்றாள். கணக்குச் சரி. ஏறவில்லை. அத்தை விடவில்லை.

"ஈரம். நாளைக்கு பத்து மணி வெயிலு பட்டப்பறம்தான் ஏறணும்."

"ஏறாம எப்படித் தெரியும்?" என்றார் குணசேகரன்.

"நாளைக்குத் தெரியும்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா, "அவ மண்ணப் பத்தி சொன்னா சரியா இருக்கும்," என்றார். குணசேகரன் முட்டியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, "சரிஞ்சா நானு கெடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகரி மலைப் பக்கம் மேகம் கட்டியது. நான்கு தூறல் விழுந்து நின்றுவிட்டது. மிச்ச லுங்கிகளைப் போர்த்தினோம். அப்போதுதான் புஷ்பலதா ஒரு குண்டானில் குழைத்த களிமண்ணைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"மீச, பாவா."

"எனக்கு வராது."

"அக்காவுக்கும் மொதல்ல வரல. மொத வருசம் வச்சது பூரான் மாதிரி இருந்துச்சி. எங்க நைனா ஒரு வாரம் சிரிச்சாரு."

ஏறி உட்கார்ந்து வைத்தேன். மூன்றடி மீசை. வலது பக்கம் மேலே போனது, இடது பக்கம் போக மறுத்தது. கீழிருந்து பூபாலன் பார்த்தார். "பரவால்ல. தூக்கத்துல கசங்கிடுச்சின்னு நெனச்சிப்பாங்க." அத்தை ஏறி வந்து பார்த்தார். திருத்துவார் என்று நினைத்தேன். அப்படியே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திடலில் கால் வைக்க இடமில்லை. வேப்ப மரக் கிளைகளில், தண்ணீர்த் தொட்டியின் மேல், டிராக்டர்களில் ஜனம். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். லுங்கிகளை உருவியதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மடங்கிய முட்டியை எல்லோரும் கையை நீட்டிக் காட்டினார்கள். அத்தை மஞ்சளும் செம்மண்ணும் பூசி முடித்திருந்தார். முட்டியில் மட்டும் காலையில் தனியாகப் போய் ஏதோ செய்துவிட்டு வந்தார்.

புஷ்பலதா வந்தாள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், சிவப்பு முகத்தில் கறுப்பு மீசை. என் முன்னால் சுடிதாரோடு மாங்காய் கடித்தவள் அதற்குள் இருக்கிறாள் என்று நம்ப முடியவில்லை. முகவீணையின் குழல் சத்தம் எழுந்தது.

முதல் சுற்றில் அவள் சுழன்று எழும்பித் தாண்டியபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அறுபதடி உடம்பு அசையாமல் கிடக்கிறது. அதே கிரீடம், அதே பதக்கத்தோடு இன்னொருவன் அந்த உடம்பைத் தாண்டிப் போகிறான். இரண்டாவது சுற்றில் தாண்டும்போது ஜனமே தாளம் போட்டது. இத்தனை வருஷம் மண் உருவம் சும்மா கிடக்கும், ஆட்டம் அதைச் சுற்றிப் போகும். இன்று உருவம் அவளைத் தூக்கிவிட்டது, திருப்பிவிட்டது. அவள் தாண்டினால்தான் அதற்கும் உயிர் என்பது மாதிரி இருந்தது.

மூன்றாவது சுற்று. முடிப்புக்கு எட்டு அடி. பாதத்தின் முன்னால் நின்றாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினாள். முதல் அடி. இரண்டு. மூன்றாவதில் சாய்விலிருந்து ஒரு கட்டி மண் உருண்டு வந்தது. என் கொப்பளித்த கைகளை நான் இறுக்கி மூடியிருந்தேன். நான்கு. ஐந்து. முட்டியின் உச்சியில் இரண்டு பாதமும் ஊன்றி நின்றாள். மண் அசையவில்லை.

இன்னும் மூன்று அடி மிச்சம். ஒத்திகையில் இந்த மூன்று அடிக்கு ஒன்றும் பேசி வைக்கவில்லை. ஏறுவதைத் தவிர வேறெதையும் யாரும் யோசிக்கவில்லை. அவள் தன் இடது தொடையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். இளங்கோவன் மத்தளத்தில் அதற்குப் பதில் கொடுத்தார். பிறகு அவள் தலையைத் தாழ்த்தினாள். கீழே படுத்திருக்கிற தன் உடம்பை, காலிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து முகத்துக்கு, மெதுவாகப் பார்த்தாள். கோணல் மீசை வரைக்கும் பார்த்தாள். செத்துப்போகப் போகிற ராஜா, தான் செத்துக் கிடப்பதை உயரத்திலிருந்து பார்க்கிறான். தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்தவர்கள்கூடச் சத்தம் போடவில்லை.

கடைசி அடி. பூபாலன் தொடையில் இறக்கினார். பானை உடைந்து சிவப்பு பீறிட்டது. புஷ்பலதா முட்டியிலிருந்து தொடை வழியாகச் சரிந்து, தன் மண் மார்பின் மேல் வந்து விழுந்தாள்.

அப்புறம்தான் சத்தம் எழுந்தது.

காந்தாரி வர வேண்டும். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, முறமும் துடைப்பமும் எடுத்து வந்து, மகனின் உடம்பைத் தடவி ஒப்பாரி வைக்க வேண்டும். இந்த வருஷம் அந்த வேஷம் மாமா. வெள்ளைப் புடவையில் கழி ஊன்றி, காலை இழுத்து இழுத்து வந்தார். ஒப்பாரி அவருக்கு நன்றாக வரும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாதத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார். கால் ஏறவில்லை, கை மேலே போனது. முட்டியின் பக்கவாட்டில் கை நின்றது.

அங்கே அத்தை விரலால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்குக் குறுக்கே பதின்மூன்று சிறு கீறல்கள். மாமாவின் முட்டியில் எத்தனை தையலோ அத்தனை.

கட்டிய கண்ணோடு அவர் அதை எண்ணினார். விரல் ஒவ்வொன்றாக நகர்ந்ததை நான் பார்த்தேன். பாட்டு நின்றுபோயிற்று. இளங்கோவன் முகவீணைக்காரரைப் பார்த்தார். அப்போது மாமா பழைய மெட்டில் புதிதாக இரண்டு வரி கட்டினார்.

"மடிச்ச முட்டி நீளலியே, என் ராசா,
மாத்தி ஆட ஆளாச்சே, என் ராசா."

குரல் அழுகைக் குரல்தான். முகம் அழவில்லை. துணிக்குக் கீழே உதடு விரிந்திருந்தது.

படுகளம் முடிந்ததும் குணசேகரன் தட்டோடு வந்தார். பரிவட்டம், வெற்றிலை பாக்கு, தேங்காய். ஆடிய துரியோதனனுக்குப் பரிவட்டம் கட்டி அடுத்த வருஷத் தாம்பூலம் கொடுப்பது வழக்கம். வந்தவர் நடுவில் நின்றார். ஒரு பக்கம் மார்பு வேர்த்து உட்கார்ந்திருந்த புஷ்பலதா. இன்னொரு பக்கம் காந்தாரி வேஷத்தில் மாமா. பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டிய கதை அந்த ஊரில் இல்லை. கை தட்டோடு மாமாவின் பக்கம் நீண்டது.

"இந்தா தொளசிங்கம். நீயே வாங்கிக்க. உன் வீடுதான."

மாமா கை நீட்டவில்லை. "யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியலயா?" என்றார். "கண்ணு கட்டிகினு இருக்கறது நானு. உனக்கு இன்னா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குணசேகரனும் சிரித்தார். திரும்பிப் போய்ப் புஷ்பலதாவின் கிரீடத்துக்கு மேல் பரிவட்டத்தைச் சுற்றினார். கிரீடம் உயரம். அவருக்கு எட்டவில்லை. அவள் குனியவில்லை. வேஷம் கலைகிற வரைக்கும் துரியோதனன் யாருக்கும் குனிய மாட்டான். குணசேகரன் குதிங்காலைத் தூக்கி எட்டித்தான் கட்டினார்.

சாயங்காலம் ஜனம் உருவத்தின் மண்ணை ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் போனது. வீட்டில் வைத்தால் தானியம் குறையாது என்பது நம்பிக்கை. முட்டியை மட்டும் யாராலும் பெயர்க்க முடியவில்லை. பூபாலன் கடப்பாரை கேட்டார். "எவன் இடிச்சான் இத? கான்கிரீட்டு மாதிரி கீது."

அத்தை கயிற்றை விரித்து உட்கார்ந்திருந்தார். புதுக் கயிறு முடிவார் என்று நினைத்தேன். அவர் என் மூட்டையிலிருந்து ஒரு லுங்கியை இழுத்து, கரையோரம் ஒரு கிழிசல் கிழித்து, பழைய கயிற்றின் பன்னிரண்டாவது முடிச்சில் கட்டினார். இனி அந்த முடிச்சில் முட்டி.

சோளிங்கர் பக்கமிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஆடியில் தங்கள் ஊரில் பாரதம் என்றார்கள்.

"எங்களுக்கும் இதே மாதிரி வேணுங்க. முட்டி மடக்கினது. எங்ககிட்ட ஆட ஆளு இருக்குது. உருவம் மட்டும் நீங்க போட்டுக் குடுத்தா போதும்."

"உருவம் மட்டும் போட மாட்டன்," என்றார் அத்தை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "இது எம் பொண்ணு எட்டு. அவ ஆடினாத்தான் போடுவன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப அவங்களயே இட்டுகினு வாங்க," என்றார் மூத்தவர். பிறகு, சேறு படிந்த லுங்கிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த என்னைக் காட்டிக் கேட்டார். "இவரு?"

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க வீட்டு மாப்ள. முட்டி இடிக்கறவரு. அவரும் வருவாரு."